சுவர் பூசும் முன்பே முடிவாக வேண்டியவை: பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது ஏசியும் சுடுதண்ணீரும்

குரோம்பேட்டையில் அப்பா 1987-ல் கட்டிய வீட்டைச் சில வருடங்களுக்கு முன்பு புதுப்பித்தோம். பெயின்ட் அடித்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, படுக்கையறை ஏசிக்குக் கீழே சுவரில் ஒரு மஞ்சள் கோடு இறங்கியது. ஏசித் தண்ணீர் வெளியேறும் பைப்பைச் சுவருக்குள் பதித்தவர் சரிவு கொடுக்கவில்லை. நடுவில் பைப் லேசாக மேலே தூக்கியிருந்தது. தண்ணீர் மேடு ஏறுமா? வந்த வழியே திரும்பிச் சுவருக்குள் கசிந்துவிட்டது. அரை இஞ்சு சரிவுக்காகப் புதுச் சுவரை ஆறடி நீளத்துக்கு உடைத்தோம். ஏசி மேல் ஒரு குறையும் இல்லை. அதை வாங்க மூன்று வாரம் கடைகடையாக ஒப்பிட்டுப் பார்த்த நான், பைப்புக்கு மூன்று நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

மெஷின் எட்டு, பத்து வருடத்தில் மாறிவிடும். சுவருக்குள் போகும் வயர், பைப், வெளியே போடும் ஓட்டை, மாடித் தளத்தின் மேல் போடும் பூச்சு எல்லாம் முப்பது வருடச் சமாச்சாரம். அதனால் கடைக்குப் போவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க வேண்டிய வரிசையில் கீழே சொல்கிறேன்; வேலை நடக்க வேண்டிய வரிசை கடைசிப் படியில். சென்னை மாதிரி கடலோர ஊரை மனதில் வைத்து எழுதுகிறேன். உள்மாவட்டங்களுக்கும் மலை ஊர்களுக்கும் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

படி 1: சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

மே மாதம் இரவு பத்து மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, மாடி அறையின் கூரைத் தளத்தை அடியிலிருந்து தொட்டுப் பாருங்கள். அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். பிறகு மேற்குச் சுவர். பிறகு வடக்குச் சுவர். மூன்றையும் தொட்டுப் பார்த்தாலே உங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கிறது. ஆகஸ்டில் மறுபடியும் ஒருமுறை. கோடை வெயிலின் பெரும்பங்கை வாங்குவது மொட்டைமாடிதான். காங்கிரீட் அதைப் பகலெல்லாம் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் கீழே விடும். இரவில் ஏசி போடுகிறோமே, அது பெரும்பாலும் பகல் வெயிலை வெளியே தள்ளுகிற வேலை.

படி 2: முதல் செலவு மொட்டைமாடிக்கு

பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். நீர்க்கசிவு வந்துவிட்டது என்று அதைப் பெயர்த்தெடுத்து, வெறும் தளத்தின் மேல் சாம்பல் நிறத்தில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஒழுகல் நிற்கும், ஆனால் கீழே அறை வேகும். அந்த ஜல்லிக் கலவைதான் அத்தனை வருடமும் சூட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்துக்கு வேறொரு வெப்பத்தடுப்பைக் கணக்கில் வைத்துவிட்டு எடுங்கள்.

மலிவான வழி சுண்ணாம்பு. வருடா வருடம் அடிக்க வேண்டும். அதைவிடச் செலவு கூடியது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட். இன்னும் செலவு கூடியது, வெள்ளை கூலிங் டைல்ஸ். எதுவானாலும் அழுக்குப் படிந்தால் பலன் குறையும் என்பதால், கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் தளத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே இரண்டு இஞ்சு ஃபோம் போர்டு வைக்கலாம். என் தேர்வு டைல்ஸ். கண் கூசுகிறது என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார். அப்புறம் வடாம் முன்னே மாதிரி சுருக்கக் காயவில்லை என்று இன்னொரு புகார். எனக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் குளிர்ச்சி என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. சூடு தளத்துக்குள் இறங்கிய பிறகு அடியில் தடுப்பது இரண்டாம்பட்சம்தான். அழகுக்காகப் போடுவதென்றால் போடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கும் இதே நியாயம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகு திரைச்சீலை பெரிதாக ஒன்றும் செய்யாது. வெளியே சன்ஷேடை நீட்டலாம், மூங்கில் தட்டி தொங்கவிடலாம்.

ஃபேன் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட்டில் ஓடும். ஏசியை 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஏர் கூலர் வேலூர், கரூர், திருச்சி பக்கத்து வறண்ட வெயிலுக்கு அருமையான பொருள். சென்னையின் புழுக்கத்தில் அது அறையை இன்னும் கசகசப்பாக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

படி 3: கரண்ட் தாங்குமா?

மின்சார பில்லில் உங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு, வரப்போவதைக் கூட்டுங்கள். இரண்டு ஒன்றரை டன் ஏசி சேர்ந்து சுமார் 3 கிலோவாட், இரண்டு கீசர் 4, மோட்டார் முக்கால், இண்டக்‌ஷன் அடுப்பு 2. கிட்டத்தட்ட 10 வந்துவிட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதுதான். ஆனாலும் 1980-களில் இழுத்த அலுமினிய வயர்மேல் இதை ஏற்றக் கூடாது. மின்பளுவைக் கூட்ட வேண்டுமா, மூன்று பேஸ் வேண்டுமா என்பதை வேலை தொடங்கும்போதே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று பேஸ் வந்தால் ஏசிகளையும் கீசர்களையும் ஒரே பேஸில் குவிக்காமல் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஏசிக்கும் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்). ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர். கீசருக்கும் தனி லைன், 16 ஆம்பியர் பிளக். நல்ல எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை அணைக்கும் ஸ்விட்ச்) இல்லாத குளியலறையில் கீசர் மாட்டவே மாட்டாதீர்கள். இதில் பேரம் கிடையாது. இப்போது ஏசி வாங்காத அறைக்கும் வயரை மட்டும் இழுத்து வைத்துவிடுங்கள். பெண் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அந்த அறைக்கு ஏசி வரும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. முதலில் ஒரு குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் விலை அட்டவணையே மாறிவிடும், கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து. சிக்கனமான மெஷினுக்குக் கூடுதலாகக் கொடுப்பது லாபமா என்ற கேள்விக்கு, நீங்கள் அந்த 500-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே பாதி பதில்.

படி 4: எத்தனை டன்?

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே இன்னொரு மாடி இருக்கிறது, மேற்குச் சுவர் இல்லை என்றால் ஒரு டன் போதும். அதே அறை மொட்டைமாடிக்கு அடியில் இருந்து, தளத்துக்கும் ஒன்றும் செய்யவில்லை என்றால் ஒன்றரை கேட்கும். படி 2-ஐ முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான்: தளத்தைச் சரிசெய்துவிட்டால் பல வீடுகளில் அரை டன் குறையும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்குவது நம் ஊர் வழக்கம். பழைய வகை மெஷினில் அது தவறு. அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் வெளியேறாது. குளிர்ந்த கசகசப்பு என்று ஒன்று உண்டே, அது இப்படித்தான் வருகிறது. இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்து ஓடும் என்பதால் கொஞ்சம் மன்னிக்கும். இரண்டு மடங்கு பெரிதாக வாங்கினால் அதுவும் மன்னிக்காது.

படி 5: எந்த மெஷின்?

இங்கே விளம்பரம் அதிகம், விஷயம் கொஞ்சம். ஸ்டார் எண்ணிக்கையைவிட லேபிளில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணைப் பாருங்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு மெஷின் எவ்வளவு குளிர்ச்சி தரும் என்பதைச் சொல்லும் எண் அது. ஸ்டாருக்கான அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். போன வருட ஐந்து ஸ்டார் இந்த வருடம் நான்காக இறங்கலாம். எண் மாறாது. ஒரே அறையைக் குளிர்விக்க, அந்த எண் 4 உள்ள மெஷின் 1000 யூனிட் எடுத்தால் 5 உள்ளது 800 எடுக்கும். லேபிளில் போடும் வருட யூனிட் செலவு 1600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டது. தினமும் இரவு எட்டு மணி நேரம் ஓடும் படுக்கையறைக்கு ஐந்து ஸ்டார் வாங்குங்கள். வருடத்துக்கு இருபது நாள் விருந்தாளி தூங்கும் அறைக்கு மூன்றே போதும்.

ஏசிக்குள் ஓடிக் குளிர்விக்கும் கேஸ் ஆர்-32 என்றால் இன்று எல்லா மெக்கானிக்கும் கையாளுவார்கள். பழைய ஆர்-410ஏ-யைவிடச் சூழலுக்குக் கேடு குறைவு. அந்தக் கேஸ் ஓடும் பழைய ஏசியின் காப்பர் பைப்பையே புதுசுக்கும் வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். அளவும் தடிமனும் ஒத்துவந்து, உள்ளே எண்ணெய்க் கசடு இல்லாவிட்டால் மட்டுமே சரி. கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் உப்புக்காற்று வெளி யூனிட்டை அரிக்கும். காப்பர் காயில், அதன் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே சோதனை: அங்கே ஓர் ஆள் நின்று இரண்டு கையையும் வைத்து வேலை செய்ய முடியுமா? முடியாத இடத்தில் வைத்தால் சர்வீஸ் நடக்காது. வெளிச்சத்துக்காகக் கட்டடத்துக்கு நடுவே விட்ட குறுகிய இடைவெளிக்குள் நான்கு யூனிட்டை மேலும் கீழுமாக மாட்டினால், கீழுள்ளது ஊதிய சூட்டையே மேலுள்ளது இழுக்கும்.

படி 6: சுவருக்குள் போகும் பைப்

என் மஞ்சள் கோட்டுக்குத் திரும்பி வருகிறேன். சென்னைப் புழுக்கத்தில் ஓர் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் விடும். ஒரு ராத்திரிக்கு அரைப் பக்கெட், சில நாள் அதற்கும் மேலே. அது மோட்டார் இல்லாமல், தன் எடையில் மட்டும் வெளியேறுகிறது. அதனால் வடிகால் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும், வழியில் எங்கேயும் தொய்யக் கூடாது, மேடேறக் கூடாது. பெரிய அறையில் உள் யூனிட்டிலிருந்து வெளிச்சுவர் தூரமாக இருந்தால், ஏசியையே வெளிச்சுவருக்கு மாற்றிவிடுவது நல்லது. கட்டில் எங்கே வரும் என்பதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பைப் பதித்தபின், சுவரை மூடும் முன், மேல்முனையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மறுமுனையில் இன்னொருவர் இன்னொரு சொம்போடு நிற்கட்டும். ஊற்றியது முழுசாக வந்ததா? வந்தால்தான் கொத்தனார் பூசலாம். “அதெல்லாம் போகும் சார், பூசிடலாம்” என்பார். சொம்போடு நில்லுங்கள்.

காப்பர் பைப்பை மறைவாகப் பதிப்பதானால் வழியில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக இழுக்கச் சொல்லுங்கள். முனைகளை மூடி, நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று மீட்டரைப் பாருங்கள். கேஸ் போகும், வரும் இரண்டு காப்பர் பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்குள்ளேயே வியர்த்து ஓதம் தட்டும். மெஷின் மாட்டும் நாளில், பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் வந்ததா என்று கவனியுங்கள். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவது பழைய குறுக்குவழி. பைப்பில் ஈரம் தங்கி, கம்ப்ரசரின் ஆயுள் போகும்.

படி 7: சுடுதண்ணீரைப் பக்கெட்டில் கணக்கிடுங்கள்

லிட்டரை விடுங்கள், நம் வீட்டு அளவு பக்கெட்தான். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரை, மார்கழிக் குழாய்த் தண்ணீரோடு குளிக்கும் பதத்துக்கு விளாவினால் சுமார் 36 லிட்டர் கிடைக்கும். இரண்டு பக்கெட். அதற்கு 2 கிலோவாட் கீசர் 18 நிமிடம் ஓடி 0.6 யூனிட் எடுக்கிறது. நான்கு பேர் தலைக்கு இரண்டு பக்கெட் குளித்தால் இரண்டு மாதத்தில் 140 யூனிட் போல வரும். பக்கெட் குளியலுக்கு 15 லிட்டர் சரி. ஷவர் என்றால் 25.

உடனடி ஹீட்டர் 3 கிலோவாட். 20 லிட்டர் பக்கெட் நிறைய ஆறேழு நிமிடம் ஆகும். சென்னைச் சமையலறைக்கும் தனியாக இருப்பவருக்கும் அது நல்லது. ஷவருக்குத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். குறை ஹீட்டரில் இல்லை, கணக்கில்.

கேஸ் கீசர் மலிவாக, வேகமாக வேலை செய்யும். ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. மூடிய அறையில் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. வெளியே, காற்றோட்டமான பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ வைத்துச் சுடுதண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டரைத் தனி வீட்டுக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும், மூன்று விஷயத்தைப் பார்த்துவிட்டு. ஒன்று, தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடிக் குழாய் வகையில் சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் மந்தமாகும். வெப்பமாற்றி (போர் தண்ணீர் பலகைக்குள் போகாமல் சூட்டை மட்டும் கடத்தும் அமைப்பு) வைத்த தட்டைப் பலகை வகை தாங்கும். அடுத்தது உயரம். அழுத்தமில்லாத சாதாரண வகைக்கு, குளிர்தண்ணீர்த் தொட்டி சோலார் தொட்டியைவிட மேலே நிற்க வேண்டும். பழைய வீட்டில் இதற்காகத் தொட்டியைத் தூக்கிக் கட்ட நேரும். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. மரச்சட்டத்தின் மேல் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, பைப்பின் தூரம். முக்கால் இஞ்சு பைப் மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், ஒவ்வொரு காலையும் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் வந்தபிறகே சூடு வரும். பக்கெட்டில் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் பைப்புக்கு இன்சுலேஷன் போடாவிட்டால் வந்த சூடும் வழியில் போய்விடும். சுடுதண்ணீருக்கு சி.பி.வி.சி. பைப்தான், வெள்ளை யு.பி.வி.சி. வளைந்து தொங்கிவிடும். குளியலறைகளை மேலும் கீழுமாக ஒரே சுவரில் வைத்தால் பைப் தூரமும் குறையும், பிளம்பர் கூலியும் குறையும்.

மொட்டைமாடி இடத்துக்கு இப்போது போட்டி உண்டு. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கும் 3 கிலோவாட் சோலார் மின்பலகைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது; 2024-ல் தொடங்கியது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போல இடம் வேண்டும். மின்பலகை போடுவதானால் தனியாகச் சுடுதண்ணீர் சோலார் தேவையில்லை. ஹீட் பம்ப் கீசர் வைத்து மதியத்தில் ஓடவிடலாம். காற்றிலிருந்து சூட்டை இழுப்பதால் அது சாதாரணக் கீசரின் மூன்றில் ஒரு பங்கு கரண்டில் அதே தண்ணீரைச் சூடாக்கும். விலை அதிகம், லேசாகச் சத்தம் போடும், குளிர்ந்த காற்றை ஊதும். துணி துவைக்கும் இடத்தில் வைத்தால் எதுவும் தொந்தரவில்லை. பெரிய குடும்பத்துக்கு என் சிபாரிசு இதுதான். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சாதாரணக் கீசரே போதும்.

எந்தக் கீசர் வாங்கினாலும் உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டியை அரிக்க வரும் உப்பு முதலில் அதைத் தின்னும். போர் தண்ணீர் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச்சொட்டாக வருகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். கூடும் அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அது.

படி 8: மலை ஊர் என்றால்

ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு தலைகீழ். குழாய்த் தண்ணீரே 12 டிகிரிக்கு வரும் நாளில் 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். அங்கே 25 லிட்டர் தொட்டியும் நல்ல இன்சுலேஷனும் வேண்டும். அறைச் சூட்டுக்கு, முதலில் ஜன்னல் இடுக்கையும் கூரை இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். பிறகு சூடும் குளிரும் தரும் ஏசி. ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு தரும். ஆயில் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான், ஆனால் பாதுகாப்பானது, நகர்த்தலாம். பழைய பங்களாவின் கணப்பை உயிர்ப்பிக்க ஆசைப்பட்டால் புகைபோக்கியைச் சுத்தம் செய்து சோதித்த பிறகே விறகு வையுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிர்போகும் காரியம்.

படி 9: வேலையின் வரிசை

மாடித் தளமும் நீர்க்கசிவும் முதலில். பிறகு கட்டில், அலமாரி, குளியலறைச் சாமான்கள் எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள். அதைப் பார்த்து எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் மூவரையும் ஒரே நாளில் வரவழையுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் பைப் போகும் இடத்தில் இன்னொருவர் பாக்ஸ் பதிப்பார். சுவர் வெட்டு, பைப், வயர், சொம்புத் தண்ணீர், நைட்ரஜன், சுடுதண்ணீர் லைனுக்கு அழுத்தச் சோதனை. அதெல்லாம் தேறியபின் பூச்சு, டைல்ஸ், பெயின்ட். கடைசியில் கடை.

பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள், தரையிலிருந்து ஓர் அளவு டேப்பை நீட்டிப் பிடித்தபடி. எங்கள் வீட்டில் அந்த 46 படங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. போன மாதம் கண்ணாடி மாட்ட டிரில்லோடு வந்தவரிடம் அம்மா போனை நீட்டி, “தம்பி, இந்த இடத்துல வேணாம்ப்பா, நாலு விரக்கடை தள்ளிப் போடு, உள்ள சுடுதண்ணி பைப் போகுது” என்றார்.